மாத்திரையும் பேயும்

பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் ஒருவனைக் கண்டால் நம் மக்கள் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் போய் வந்தான்?" என்பதுதான். "என்ன மாத்திரை தின்றான்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. ரஞ்சன்குடியிலோ பாழடைந்த கோட்டை ஒன்று இருப்பதால், பழிபோட இடம் தேடி அலைய வேண்டியதுகூட இல்லை!

பேதிக்கும் நீர்க்கடுப்புக்கும் மருந்துக் கடையில் வாங்கி விழுங்கப்படுகின்ற சிப்ரோபிளாக்சசின் மாத்திரையைப் பற்றியே எழுதுகின்றோம். அது கிருமியைக் கொல்லும். வேண்டிய சமயத்தில் உயிரையும் காக்கும். நாம் மறுக்கவில்லை. ஆனால், மூளையின் கிளர்ச்சியை அடக்கி வைக்கும் 'காபா' என்னும் பொருளின் வேலையை அது சிலரிடத்தில் தடுத்துவிடுகின்றது. அப்போது தூக்கம் கெடும், புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். இது அபூர்வந்தான். என்றாலும் வயோதிகருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும், முன்பே வலிப்புள்ளவருக்கும், சில வலி மாத்திரைகளோடு சேர்த்துத் தின்பவருக்கும் அபாயம் அதிகம். கைகால் நரம்பைத் தாக்கினாலோ உள்ளங்கால் எரியும், ஊசி குத்தும், மரத்துப்போகும். இந்தக் கேடு சீக்கிரமே தொடங்கலாம், நிரந்தரமாகவும் தங்கலாம் என்று அமெரிக்க மருந்து இலாகா 2013-ல் எச்சரித்தது. வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இதைக் கொடுக்க வேண்டாமென்று 2016-ல் சொல்லிற்று.

இங்கே நடப்பதென்ன? எழுபது வயதுக் கிழவி இராத்திரியில் உளறினால் வேப்பிலை, விபூதி, எலுமிச்சம்பழம்! பூசாரிக்குக் கோழி! மாத்திரையோ வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாம் நாள் மாத்திரை தீர்ந்து உளறலும் நின்றால் கீர்த்தி யாருக்கு? பூசாரிக்கு!

பூசாரியைப் பரிகசிக்கும் படித்தவர் யோக்கியதையும் இதைவிட மேலானதல்ல. வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று சட்டமுள்ள மருந்தை, "காய்ச்சலுக்கு நாலு கொடு" என்று இவரே கேட்கின்றார். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நீட்டுகின்றார். பெயர் பாதி வெட்டுப்பட்டுப் போகின்றது. பெயர் தெரியாததை நம்பி விழுங்குவது பகுத்தறிவா என்று கேட்கின்றோம்.

மாத்திரை தின்னும் நாளில் கால் எரிந்தாலும் புத்தி தடுமாறினாலும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே அட்டையோடு வைத்தியரிடம் போக வேண்டும். மருந்தால் வந்த கேட்டைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லாத சர்க்கார் எண்ணும் இருக்கின்றது. பூசாரி வீட்டைவிடப் பெரம்பலூர் ஆஸ்பத்திரி தூரந்தான். ஆனாலும் திருச்சி ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றது.