உப்புச் சிரட்டைக்குள் ஒரு பாடம்



சாதாரண தரம் படிக்கும் மகள் விஞ்ஞானப் புத்தகத்தோடு குசினிக்குள் வந்து, "உம்மா, சோடியத்துக்கு 2, 8, 1 எண்டு எழுதுறாங்களே, அது என்ன?" என்று கேட்டால், "வாப்பா வந்ததும் கேளுங்க" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விடை உங்கள் உப்புச் சிரட்டைக்குள்ளேயே இருக்கிறது.

அணுவின் நடுவே கரு. அதைச் சுற்றிச் சக்திமட்டங்களில் இலத்திரன்கள். 1913இல் நீல்ஸ் போர் என்ற டென்மார்க் விஞ்ஞானி முன்வைத்த கருத்து இது. முதலாம் மட்டம் 2 இலத்திரன்களையும், இரண்டாவது 8ஐயும், மூன்றாவது 18ஐயும் கொள்ளும். உள்ளிருந்து வெளியே நிரப்பி எழுத வேண்டும். சோடியத்திடம் 11 இலத்திரன்கள். ஆகவே 2, 8, 1. குளோரீனிடம் 17, ஆகவே 2, 8, 7.

அந்தக் கடைசி எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. சோடியம் தண்ணீர் பட்டால் சீறும், சில வேளை தீயும் பற்றும். குளோரீன் நச்சு வாயு. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்டது. ஆனால் சோடியம் தன் வெளிமட்டத்து ஒன்றைக் குளோரீனுக்குக் கொடுத்துவிட்டால், ஒன்று 2, 8 ஆகவும் மற்றது 2, 8, 8 ஆகவும் உறுதியடைகின்றன. இரண்டும் சேர்ந்து கறிக்கு உப்பாகின்றன!

இனி, பிள்ளைகள் தடுமாறும் இடத்துக்கு வருவோம். பொற்றாசியத்திடம் 19 இலத்திரன்கள். மூன்றாம் மட்டம் 18 கொள்ளுமென்றால் 2, 8, 9 என்றுதானே வர வேண்டும்? இல்லை, 2, 8, 8, 1 என்பதே சரி. ஏனென்றால் மட்டங்களுக்குள் உபமட்டங்கள் உண்டு: எஸ் 2, பீ 6, டீ 10 இலத்திரன்களைக் கொள்ளும். மூன்றாம் மட்டத்தின் டீயை விட நான்காம் மட்டத்தின் எஸ் சக்தி குறைந்தது. அதனால் 19ஆவது இலத்திரன் அங்கே போய்ச் சேர்கிறது. உயர்தரத்தில் இதையே 1எஸ்² 2எஸ்² 2பீ⁶ 3எஸ்² 3பீ⁶ 4எஸ்¹ என்று எழுதுவார்கள். மேலே சிறிதாக இருப்பவை இலத்திரன்களின் எண்ணிக்கை. கூட்டிப் பாருங்கள், 19 வரும்.

"அது அப்படித்தான், பாடமாக்கு" என்று கேட்டுப் பழகிய பிள்ளை மறுகேள்வி கேட்பதில்லை. கேள்வி நின்ற இடத்தில் விஞ்ஞானம் கசந்துவிடுகிறது. உயர்தரத்தில் அந்தப் பிரிவின் பக்கமே அவள் திரும்பமாட்டாள்.

இன்று மாலை நான்கு பீரிசுகளை வரிசையாக வையுங்கள். 19 கடலைகளை எண்ணி மகளின் கையில் கொடுத்து, பொற்றாசியத்தை அடுக்கச் சொல்லுங்கள். கடைசிக் கடலை எந்தப் பீரிசுக்குப் போகிறது, ஏன் போகிறது என்பதை அவளே உங்களுக்குச் சொல்லித் தரட்டும்.