பாட்டில் அளித்த வாக்கு



1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜானி கேஷ் என்னும் இளைஞர் ஒரு காதற்பாடலைப் பாடினார். 'ஐ வாக் த லைன்' என்பது அதன் பெயர். நெறி பிறழாது நடக்கிறேன் என்பது அதன் கருத்து. ஊர் ஊராய்ச் சென்று பாடும் வாழ்வில் சோதனைகள் மலிந்திருந்தன. ஆதலின், வீட்டிலிருந்த மனைவி விவியனுக்கு அவர் அளித்த உறுதிமொழியே அப்பாடல். 1954-இல் சான் அன்டோனியோ நகரக் கத்தோலிக்க ஆலயத்தில் அவர்கள் மணம் புரிந்திருந்தனர்.

டிரம் இல்லாத குழு அது. கித்தார் நரம்புகளினூடே காகிதத்தைச் செருகி அவ்வோசையை வருவித்தார். 'கன்ட்ரி' எனப்படும் கிராமிய இசைப் பட்டியலில் பாடல் முதலிடம் பெற்றது. பொதுப் பட்டியலிலும் 17-ஆம் இடத்தை எட்டிற்று.

புகழோடு பயணங்களும் பெருகின. மாத்திரைப் பழக்கமும் பற்றிக்கொண்டது. நான்கு பெண்மக்களின் தாயான விவியன் 1966-இல் மணமுறிவு கோரினார்.

அப்படியாயின் பாடல் பொய்யா? அன்று, எழுதிய வேளையில் அது மெய்யே. பீடத்தின் முன் நாம் கேட்கும் மணவாக்குகளும் அத்தகையனவே. ஆனால் ஒருநாள் உரைத்த வாக்கு, மறுநாளைக்குத் தானே காவல் நிற்பதில்லை. நாள்தோறும் அதனைப் புதிதாக உரைக்க வேண்டியிருக்கிறது. வெளியூரில் உழைக்கும் கணவன்மாரே, இன்றிரவு உறங்குமுன் உங்கள் மனைவியரோடு சற்றுப் பேசுங்கள். அதற்குப் பாட்டெழுதும் திறமை வேண்டுவதில்லை.