பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

செல்போனில் ஆரம்ப காலத்தில் இன்டர்நெட் பார்த்தவர்களிடம் ‘வாப்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள். ‘குட்டித் திரை, ஆமை வேகம். அது எப்படிங்க உருப்படும்?’ என்பார்கள். இருபத்தைந்து வருஷமாக இதே தீர்ப்புதான். தப்பான தீர்ப்பு.

1999-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த நோக்கியா 7110-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாப் போன்களில் ஒன்று. திரை 96-க்கு 65 புள்ளிகள். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு பக்கத்தைப் பார்க்க, போன் முதலில் ஒரு நம்பருக்கு டயல் செய்யும். லைன் கிடைத்ததுமே மீட்டர் ஓட ஆரம்பிக்கும். நீங்கள் படித்தாலும் காசு, பக்கம் வராமல் முழித்துக்கொண்டு இருந்தாலும் காசு. இட்லி வருவதற்குள் உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் பில் போடுகிற ஓட்டலுக்கு நீங்கள் மறுபடி போவீர்களா?

அதே 1999 பிப்ரவரியில், ஜப்பானில் என்.டி.டி. டொகோமோ நிறுவனம் ‘ஐ-மோட்’ சேவையைத் தொடங்கியது. அங்கேயும் முதலில் குட்டித் திரைதான், கறுப்பு-வெள்ளைதான். வேகம்? அதே 9.6!

வித்தியாசம் பில்லில் இருந்தது. மாதம் 300 யென். அதற்குமேல், 128 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு 0.3 யென். நிமிஷக் கணக்கே கிடையாது. பத்து நிமிஷம் முறைத்துப் பார்த்தாலும் வந்த தகவலுக்கு மட்டும்தான் காசு. கட்டணப் பக்கம் நடத்துபவர்களுக்காகப் பணத்தையும் போன் பில்லிலேயே வசூலித்து, 9 சதவிகிதம் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார்கள். கடை போட ஆள் வராமல் இருப்பார்களா? 2000 ஆகஸ்ட்டில் ஐ-மோட் சந்தாதாரர்கள் ஒரு கோடி!

ஐ-மோட் பக்கங்களை எழுதுவது சுலபம், வாப்புக்குப் புதிதாக ஒரு மொழி படிக்க வேண்டியிருந்தது என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், வாடிக்கையாளரை விரட்டியது மொழியா, மீட்டரா?

பிறகு ஜி.பி.ஆர்.எஸ். வந்து, ஐரோப்பாவிலும் டேட்டா அளவுக்கு பில் போட்டார்கள். அதற்குள் வாப்பின் பெயர் கெட்டுவிட்டது. பழி இன்ஜினீயர் தலையில் விழுந்தது. கட்டணத்தை நிர்ணயித்தவர் கைகழுவிக்கொண்டு போய்விட்டார்.

இனி யாராவது புதுச் சேவை என்று உங்களிடம் வந்தால், ‘எவ்வளவு வேகம்?’ என்பதை அப்புறம் கேளுங்கள். ‘எதை எண்ணி பில் போடுவீங்க?’ என்று முதலில் கேளுங்கள். பதிலில் மழுப்பல் தெரிந்தால், பர்ஸை வெளியே எடுக்காதீர்கள்.