பத்தாவது வரியில்தான் பரீட்சை

வலைப்பக்கத்தில் பட்டியல் போட்டால் வரிசை எண்ணை உலாவியே போட்டுக்கொள்கிறது. அது சரியாகப் போடுகிறதா என்று பார்க்கவே பொதுவான சோதனைப் பக்கங்கள் உண்டு. ஒன்றில் உலாவி தானாக எண்ணிடும். இன்னொன்றில் அதே எண்களைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரிந்தால் தேர்ச்சி. தமிழ் எண்களுக்கும் இந்தச் சோதனை அவசியம். வலைப்பக்கத் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் விதிகளில் உள்ள தமிழ் எண்முறை ஒன்பது வரை ௧, ௨, ௩ என்று சிக்கலில்லாமல் போகும். பத்தில்தான் வழி பிரிகிறது. அங்கே அது ௧௦ என்று இடமதிப்பில் எழுதுகிறது. நம் பழைய கணக்கிலோ பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள்; 125 என்றால் ௱௨௰௫. இடமதிப்புக்குத் தேவையான தமிழ்ச் சுழியம் யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல்தான். பழைய முறைக்கும் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஆயத்த விதி தந்திருக்கிறது, 9,999 வரை. ஆனால் அதைப் பக்கம் எழுதுகிறவர்தான் எடுத்துச் சேர்க்க வேண்டும். இப்படிச் சேர்க்கும் விதிகளை சஃபாரி உலாவி ஏற்றது 2023-இல்தான். பழைய நூல்களை மின்பதிப்பாக்குகிறவர்கள் எண்களைக் கையால் தட்டி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நடுவில் ஒரு வரி சேர்ந்தால் போதும், மொத்த வரிசையும் குலைந்துவிடும். விதியைப் பயன்படுத்துங்கள், 9, 10, 11, 99, 100, 101, 1000 ஆகிய இடங்களில் பட்டியலை ஓட்டிப் பாருங்கள். எண் பிசகினால் அந்த உலாவியைச் செய்கிறவர்களுக்குப் படத்தோடு எழுதிப் போடுங்கள்.