கூச்சப்படாம ஒரு விஷயம் சொல்றேன்

கோயில் குழுவுல இதை எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பரவாயில்ல, எழுதிடுறேன்.

தீபாவளி சமயத்துல அன்னதானப் பந்தியில நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டதைப் பார்த்து, "என்னண்ணே, உட்காருங்க"ன்னு நிறைய பேர் சொன்னீங்க. உட்கார முடியல, அதான் உண்மை. ஆசனவாயில் வெடிப்பு. நம்மாளுங்க எல்லாத்தையும் மூலம்னு சொல்லிடுவோம். இது வேற. மலச்சிக்கல்ல முக்கி முக்கி உள்தோல் கிழிஞ்சிடுது. டாய்லெட் போனா கண்ணாடித் துண்டு கிழிக்கிற மாதிரி வலி, கூடவே ரத்தம்.

கிளினிக்ல டாக்டர், "சிகரெட் பிடிப்பீங்களா?"ன்னு கேட்டார். "இல்ல"ன்னு பொய் சொன்னேன். கீழ இருக்கிற புண்ணுக்கும் வாயில வைக்கிற சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு நினைப்பு. ரெண்டு மாசம் ஆகியும் புண்ணு ஆறல. மறுபடி போய் உண்மையைச் சொன்ன பிறகுதான் விளக்கினார். வலியில அங்குள்ள தசை இறுகிக்குமாம். இறுகினா ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் போகாத புண் ஆறாது. களிம்பு கொடுக்கிறதே அந்தத் தசையைத் தளர்த்தி ரத்தம் ஓட வைக்கத்தான். சிகரெட்டோ எதிர் வேலை செய்யுது. நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குது, புகையில உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜனோட இடத்தைப் பிடிச்சிக்குது. காலையில களிம்பு, டீ பிரேக்ல சிகரெட். ஒரு ஷிப்ட்டுக்காரன் திறந்த வால்வை அடுத்த ஷிப்ட்டுக்காரன் மூடுற கதைதான். வேப்புக்கு மாறிட்டோம்னு சொல்ற தம்பிங்களே, நிக்கோட்டின் இருந்தா அதுவும் குழாயைச் சுருக்கும்.

அப்புறம் தைப்பூச விரதம் வந்துச்சு. 48 நாள் சிகரெட் தொடல, புண்ணும் ஆறிடுச்சு. களிம்பா, கீரையும் தண்ணியுமா, வெந்நீர்ல உட்கார்ந்ததா, சிகரெட்டை விட்டதா, எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. ஆனா காவடி இறக்கின மறுநாளே மாமாக் கடைக்கு வெளியே பத்த வைக்கிறோமே, அதுதான் எனக்குப் புரியல. (நானும் பத்த வச்சேன். பாதியில அணைச்சிட்டேன்.) முருகனுக்காக முடிஞ்சது நம்ம உடம்புக்காக முடியாதா? தனியா முடியலன்னா அரசாங்க கிளினிக்ல புகை நிறுத்த உதவி கிடைக்குது, போய்க் கேளுங்க. ரத்தம் வந்தா மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர்கிட்ட பொய் மட்டும் சொல்லாதீங்க.

இன்னொன்னு. சமையல்கட்டுக்குப் பின்னாடி நம்ம தொண்டர்கள் சாம்பல் தட்ட வச்சிருந்த மைலோ டின்னைக் காணோம்னு தேட வேணாம். எடுத்து வீசினது நான்தான்.