என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள், டாக்டர்!

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடலூர் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல்காரர்களின் வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. காட்டுமன்னார்கோவில், குமராட்சிப் பக்கத்திலிருந்து நடவு நட்ட பெண்கள் வருகிறார்கள். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்திலிருந்து முந்திரிக் காட்டில் முள்ளும் விறகும் வெட்டியவர்கள் வருகிறார்கள். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டியவர்கள் வருகிறார்கள். சீட்டில் பெயர் எழுதப்படுகிறது, வயது எழுதப்படுகிறது, காய்ச்சல் எத்தனை நாள் என்று எழுதப்படுகிறது. என்ன வேலை என்று எழுதுவதில்லை. எழுதினாலும் 'கூலி' என்ற ஒரே சொல்லோடு காரியம் முடிந்தது. கூலி என்றால் எங்கே கூலி? சேற்றிலா, புதரிலா, கரும்புக் கொல்லையிலா, ஆலையிலா?

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். இத்தாலி தேசத்து டாக்டர் ராமஸினி, தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கவேண்டிய பழைய கேள்விகளோடு 'உன் தொழில் என்ன?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதிலே டாக்டர்களுக்குச் சொன்னார். முந்நூறு வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் நம் ஊர்ச் சீட்டில் ஏறவில்லை.

கேட்காததால் என்ன நஷ்டம்? உயிர் நஷ்டம்! காய்ச்சல் என்று வருகிறவர்களில் பலருக்கு நாலு நாளில் தானே இறங்கிவிடுகிறது. சிலருக்கு டெங்கு, சிலருக்கு மலேரியா. ஆனால் வயலிலும் புதரிலும் வேலை செய்கிறவர்களைத் தேடிப் பிடிக்கிற காய்ச்சல்கள் இரண்டு உண்டு. எலிக் காய்ச்சல் ஒன்று, உண்ணிக் காய்ச்சல் மற்றொன்று. இரண்டும் ஆரம்பத்தில் சாதாரணக் காய்ச்சல் மாதிரியே நடிக்கும். இரண்டாவது வாரத்தில்தான் ஆளைச் சாய்க்கும்.

எலிக் காய்ச்சலுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் மூத்திரத்தில் இதன் கிருமி வெளிவருகிறது; தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் பல நாள் உயிரோடிருக்கும். காலில் வெடிப்பு, சேற்றுப்புண், அரிவாள் கீறல் இருந்தால் அதன் வழியே உள்ளே போய்விடும். நம் ஜனங்களில் வெடிப்பில்லாத கால் எத்தனை? கெண்டைக்கால் தொடமுடியாமல் வலிக்கும், கண் சிவக்கும். முற்றினால் கண் மஞ்சளாகும், மூத்திரம் குறையும், சிறுநீரகம் நின்றுவிடும். கண் மஞ்சளானதைப் பார்த்ததும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைக்கிறோம். அந்த நாலைந்து நாள்தான் உயிரோடிருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவே உள்ள தூரம். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இருளர் மக்கள் வரப்பு வரப்பாக எலி பிடித்து வயல்காரனின் நெல்லைக் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் எலிக் காய்ச்சலைத்தானே சந்தேகிக்க வேண்டும்?

உண்ணிக் காய்ச்சல் ஸ்கிரப் டைபஸ் என்பது. உண்ணி என்றதும் மாட்டு உண்ணி, நாய் உண்ணி என்று எண்ணவேண்டாம். இது கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு. புல்லிலும் புதரிலும் இருந்து ஆள்மேல் ஏறிக் கடிக்கிறது. கடித்தது தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், மண்டையிடி, உடம்பு வலி. கடித்த இடத்தில் பலருக்கு, பீடி நெருப்பால் சுட்டதுபோலக் கருத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது. அக்குளில், தொடையிடுக்கில், மார்புக்குக் கீழே, முழங்கால் மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் தாக்கப்படுகின்றன.

இது எங்கோ மலைக்காட்டு வியாதி என்று ஒதுக்க முடியாது. புதுச்சேரியிலும் அடுத்துள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் குளிர் மாதங்களில் இது பரவியதைப் பற்றிப் புதுச்சேரி டாக்டர்கள் 2015-இல் எழுதினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் லண்டன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரைக்கும் இந்தக் கிருமி தொற்றுகிறது என்று 2025-இல் அறிவித்தார்கள். பத்தில் ஒருவர்! அத்தனை பேருக்கும் காய்ச்சல் வருவதில்லை. வருகிறவர்களில் சிலர் சாகிறார்கள்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சலான விஷயம். இந்த வியாதிக்கு மருந்து டாக்சிசைக்கிளின். ஒரு வேளைக்குச் சில ரூபாய்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாம். காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அஸித்ரோமைசின் கொடுக்கிறார்கள். எலிக் காய்ச்சலுக்கும், முற்றாத நிலையில், இதே டாக்சிசைக்கிளின் கேட்கும்; முற்றினால் பென்சிலின் ஊசி. ஆனால் உண்ணிக் காய்ச்சலிடம் பென்சிலினும் அதைச் சேர்ந்த விலையுயர்ந்த ஊசிகளும் பலிக்காது. பத்து நாள் ஏற்றினாலும் தண்ணீர் ஏற்றியதுபோலத்தான்.

சிதம்பரம் தாலுகாவில் ஒரு சேரியில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். களை எடுக்கிற பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போனாள். நாலாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. தனியார் வைத்தியசாலை ஒன்றில் ரத்தம் எடுத்துப் பார்த்து 'டைபாய்டு' என்றார்கள். ஆறு நாள் ஊசி, பாட்டில். தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்தாகிவிட்டது. மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ' என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு நர்ஸம்மா திரை போட்டு, ரவிக்கையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். மார்புக்குக் கீழே கறுப்புப் பொருக்கு! "எங்க வேலை செய்யிற தாயி?" என்று கேட்டதும் அந்த அம்மாள்தான். அன்று இரவே மருந்து போனது. பிழைத்துக்கொண்டாள். "ஆறு நாளா ஒருத்தரும் என்னைத் தொட்டுப் பாக்கல தோழரே, கையை நீட்டச் சொல்லி ஊசி போட்டாங்க, அவ்வளவுதான்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

தொட்டுப் பார்க்காத வைத்தியம்! இதிலே எவ்வளவு அவசரம், எவ்வளவு அலட்சியம், எவ்வளவு ஜாதி என்று பிரித்து நிறுத்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. மூன்றும் இருக்கின்றன. நடவும் களையும் பெண்கள் வேலை. பொருக்கு ஒளிவதும் பெண் வெளியே காட்டக் கூசும் இடங்களில். திரையும் ஒரு நர்ஸும் பத்து நிமிஷமும் இல்லாத இடத்தில் இந்த வியாதியைக் கண்டுபிடிப்பது எப்படி?

டைபாய்டு, டைபஸ் என்ற பெயர்க் குழப்பம் வேறு. டைபாய்டு தண்ணீரிலும் சோற்றிலும் வருவது. டைபஸ் வேறு கிருமி, வேறு மருந்து. விடால் என்ற பழைய ரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு காய்ச்சல்காரர் பலருக்கும் டைபாய்டு என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை எளிதில் ஏமாற்றும் என்பது டாக்டர்களுக்கே தெரிந்த விஷயம். உண்ணிக் காய்ச்சலுக்கென்று தனிப் பரிசோதனை உண்டு. ஆனால் அதுவும் காய்ச்சல் கண்டு ஏறக்குறைய ஒரு வாரம் ஆன பிறகே தெளிவாகக் காட்டும். ஆகவே பரிசோதனைக்காகக் காத்திருக்காதே, சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்கு என்று 2015-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டி தெளிவாகச் சொல்லிவிட்டது. சந்தேகம் எப்போது வரும்? என்ன வேலை என்று கேட்டால்தானே வரும்!

இந்த வியாதிகளின் சரித்திரத்தைப் புரட்டினால், அது நம்மைப் போன்றவர்களின் சரித்திரமாகவே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போன தமிழ்க் கூலிகள் காடழித்துத் தோட்டம் போட்டார்கள். 1920-களில் அங்கே செம்பனைத் தோட்டங்களில் இந்தக் காய்ச்சல் கண்டது. பட்டணத்தில் வரும் டைபஸ் வேறு, தோட்டத்தில் வரும் டைபஸ் வேறு என்று அங்கிருந்த டாக்டர்கள் பிரித்து அறிந்தது அப்போதுதான். ஆனால் மருந்து தேடும் வேகம் எப்போது வந்தது? இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் வெள்ளைச் சிப்பாய்கள் இந்தக் காய்ச்சலில் விழுந்த பிறகு! 1948-இல் கோலாலம்பூரில் குளோரோமைசிட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். முதன்முதலாக இந்த வியாதி மருந்துக்குப் பணிந்தது. கூலி செத்தபோது வராத அவசரம், பட்டாளம் செத்தபோது வந்தது.

எலிக் காய்ச்சலின் கிருமியை 1915-இல் ஜப்பானிய டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே அது சுரங்கத் தொழிலாளிகளை அடித்த வியாதி. கரும்பு வெட்டுகிற தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஆஸ்திரேலியாவின் கதை. 1930-களில் குவின்ஸ்லாந்துக் கரும்புக் கொல்லைகளில் எலிகள் பெருகி, வெட்டும் ஆட்கள் இந்தக் காய்ச்சலில் செத்தார்கள். தொழிலாளர்கள் கேட்டது என்ன? வெட்டுவதற்கு முன் கொல்லையைக் கொளுத்துங்கள், எலியும் அழுக்கும் ஒழியும் என்றார்கள். கொளுத்தினால் சர்க்கரைச் சத்து குறைகிறது என்று ஆலை முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். 1934-இல் இன்ஹாம் பகுதித் தொழிலாளர்கள் போராடிக் கொளுத்தும் உத்தரவைப் பெற்றார்கள். அது பழையபடி நழுவியதும் 1935-இல் வட குவின்ஸ்லாந்தில் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம். வேலையையும் வியாதியையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தேங்கிய தண்ணீரில் இறங்காதீர், பூட்ஸ் அணியுங்கள் என்கிறார்கள். நடவு வயல் சேற்றில் பூட்ஸ் போட்டுக்கொண்டு எழுதினவர் பத்தடி நடந்து காட்டட்டும்! தண்ணீரில் இறங்காவிட்டால் சம்பா யார் நடுவது? 2015-இலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் நின்றது. வெள்ளம் வடிந்த சேற்றை வாரிப்போட்டவர்களும் நம் ஜனங்கள்தான். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு துப்புரவு வேலையில் இறங்கியவர்களுக்கு டாக்சிசைக்கிளின் மாத்திரையை முன்கூட்டியே சுகாதாரத் துறை கொடுத்தது. இலங்கையிலும் எலிக் காய்ச்சல் உள்ள பகுதிகளில் நெல் விவசாயிகளுக்கு இப்படிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. யாருக்கு, எத்தனை வாரம் என்பதை டாக்டர்கள் தீர்மானிக்கட்டும். தீர்மானிக்கவாவது செய்யட்டும்! கடையில் நாமே வாங்கி விழுங்குவது மட்டும் கூடாது.

ஜனங்கள் தாமதமாக வருகிறார்கள் என்று டாக்டர்கள் குறை சொல்கிறார்கள். வாஸ்தவம். காய்ச்சலோடு மூன்று நாள் ஏன் களை எடுத்தாள் அந்தப் பெண்? படுத்தால் கூலி இல்லை. சம்பள வரம்புக்குள் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. வியாதி விடுப்பில் வருஷத்துக்கு 91 நாள் வரை, கூலியில் நூற்றுக்கு எழுபது கிடைக்கும். 1948-இல் சட்டமாகி, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய ஏற்பாடு அது. அதே ஆலைக்குக் கரும்பு வெட்டித் தருகிற விவசாயக் கூலிக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. ஆலைத் தோழர்களே, உங்கள் எந்திரத்துக்குள் விழுகிற கரும்பு யார் கையால் வெட்டப்பட்டது என்பதை யோசியுங்கள். காய்ச்சல் நாளுக்குக் கூலி என்ற கோரிக்கையை விவசாயச் சங்கம் மட்டும் கேட்டால் போதாது; உங்கள் சங்கமும் சேர்ந்து கேட்கவேண்டும்.

டாக்டர்கள் நமக்கு விரோதிகள் அல்ல. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கிறவரிடம் பொருக்கைத் தேடு என்றால் அவரும் மனிதர்தானே? ஆளைக் கூட்டிப் போடவேண்டியது சர்க்காரின் வேலை. அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-இல் சர்க்கார் சுகாதாரத் துறையின் கீழ் வந்தது. ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வாங்கிய கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் ஐம்பது நாட்களுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். வயலுக்கு நடுவே ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி! அங்கிருந்து மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் டாக்டரும் பெண் நர்ஸும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய் உட்காரட்டும். உண்ணிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல் பரிசோதனைக்கு ரத்தம் இங்கேயே எடுக்கப்பட்டு, அங்கே போய், முடிவு மறுநாள் இங்கே வந்து சேரட்டும். நோயாளி பஸ் ஏறி அலையவேண்டாம், ரத்தக் குப்பி அலைந்தால் போதும்.

புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று விஷயத்தை நேரில் விசாரித்து எழுதி அனுப்பவேண்டும். டாக்சிசைக்கிளினும் அஸித்ரோமைசினும் கையிருப்பு எவ்வளவு? பெண்களைப் பரிசோதிக்கத் திரை போட்ட இடம் உண்டா? சீட்டில் தொழில் எழுதும் இடம் உண்டா? இல்லாத இடங்களின் பட்டியலோடு கடலூரில் சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போகிறோம். அதுவரை சீட்டு எழுதும் ஜன்னலில் நாமே சொல்லிவிடுவோம்: "நடவு வேலைங்க ஐயா, தண்ணியில நின்னேன், ஏழு நாளாக் காய்ச்சல்."