விழுந்தால் திரும்பவும் கட்டலாம்



சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தையல் மெசினை நிறுத்திவிட்டு அந்த அக்கா முதலில் சொன்னது மகனைப் பற்றித்தான். "தங்கச்சி, இவன் எந்த நேரமும் போனில ரொக்கெட் விடுறான். பத்து, ஒன்பது, எட்டு எண்டு எண்ணுற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு இடிக்குது. பிறகு பெரிய இரைச்சல். வெடிச்சுப்போச்சு எண்டு சொல்லிச் சிரிக்கிறான்."

எம்மில் பலருக்கு ரொக்கெட் என்றால் பதுங்குகுழிதான் நினைவுக்கு வரும். ஆகவே அந்த அக்காவின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. மகனைக் கூப்பிட்டு, அருகில் இருந்து பார்த்தேன். அவன் விட்டது ஊர்மேல் விழும் ரொக்கெட் அல்ல. மனிதரை விண்வெளிக்கு ஏற்றிச் செல்லும் ரொக்கெட். இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்கப் போகிறேன்.

அவன் விளையாடியது ரோப்லொக்ஸ். அமெரிக்காவில் 2006 இல் தொடங்கப்பட்ட இது ஒரு தனி விளையாட்டு அல்ல. விளையாடுபவர்களே புதிய விளையாட்டுக்களை உருவாக்கி மற்றவர்களை அழைக்கும் இணைய மைதானம் என்று சொல்லலாம். அங்கே பல நாட்டுச் சிறுவர்களும் இளைஞர்களும் குழுக்களாகச் சேர்ந்து, கற்பனையான விண்வெளி நிறுவனங்களை அமைக்கிறார்கள். பெயர், சின்னம், ஏவுதளம் எல்லாம் உண்டு. உண்மையான ஏவுதளங்களில் நடப்பதைப் பார்த்து அப்படியே செய்ய முயல்கிறார்கள். ஒருவர் எரிபொருளுக்குப் பொறுப்பு, இன்னொருவர் இயந்திரத்துக்குப் பொறுப்பு. தலைமைப் பொறுப்பாளர் ஒவ்வொருவரிடமும் "தயாரா?" என்று கேட்பார். ஒருவர் "பொறுங்கள்" என்றாலும் எண்ணுவது நிற்கும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஜோர்ஜ் ஹேர்பட் மீட் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றிப் படித்தோம். சிறு பிள்ளை தனியே அம்மாவாக, கடைக்காரராக நடித்து விளையாடும். வளர்ந்த பிள்ளை குழுவாக விளையாடும்போது தன் வகிபாகத்தை மட்டும் அறிந்தால் போதாது, மற்ற எல்லோருடைய வகிபாகத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டும். அப்படித்தான் பிள்ளை சமூகத்தில் வாழப் பழகுகிறது என்றார் அவர். போனுக்குள் நடக்கும் இந்த விளையாட்டிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது.

"ஏன் விழுந்தது?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். உடனே கொப்பியை எடுத்துப் படம் கீறிக் காட்டினான். "நேர மேல போனா நேர கீழதான் வரும் மிஸ். மெல்ல மெல்லச் சரிச்சுக்கொண்டு போகோணும்." அவன் சொன்னது சரி. பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றிவர, பக்கவாட்டில் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீற்றர் வேகம் வேண்டும். அந்த வேகம் இல்லாவிட்டால் திரும்ப விழும். எரிபொருள் தீர்ந்த பகுதிகளை வழியிலேயே கழற்றிவிட்டுப் பாரத்தையும் குறைக்க வேண்டும். வகுப்பில் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறக்கவே அலுத்துக்கொள்ளும் பிள்ளை இதைச் சொன்னான்.

இதே வகையில் கணினியில் விளையாடும் கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டும் பெயர்பெற்றது. மெக்சிக்கோ நகரில் ஒரு கொம்பனியில் வேலை செய்த பெலிப்பே பலாங்கே என்ற இளைஞர் இதை உருவாக்கினார். 2011 இல் முதலில் வெளிவந்தது. சிறு வயதில் அவர் தகரத்தாளில் பொம்மைகள் செய்து வாணங்களில் கட்டிப் பறக்கவிட்டவராம். இவ்விளையாட்டில் நாம் ஒரு விண்வெளி நிறுவனத்தை நடத்த வேண்டும். பயணிகளை இழந்தால் நிறுவனத்தின் நற்பெயர் குறையும். ஆனால் ரொக்கெட் நொறுங்கினால், ஏவுவதற்கு முந்திய நிலைக்குத் திரும்பிப் பிழையைத் திருத்தவும் வழி உண்டு.

விழுந்து பழகுவது பெரியவர்களுக்கும் தேவை. 1969 ஜூலை மாதம் அப்பலோ 11 சந்திரனுக்குப் புறப்பட முன், நாசா பொறியியலாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. இறங்கும் நேரத்தில் கணினி எச்சரிக்கை ஒன்று வருவதாகப் பாவனை செய்தார்கள். ஸ்ரீவ் பேல்ஸ் என்ற 26 வயது இளைஞர் பயணத்தைக் கைவிடும்படி சொல்லிவிட்டார். அது பிழையான முடிவு. யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. எந்த எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று பட்டியல் ஒன்று தயாரானது. ஜூலை 20 ஆம் திகதி உண்மையாகவே அதே வகையான எச்சரிக்கை வந்தபோது, தொடர்ந்து இறங்கலாம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

சகோதரிகளே, நாங்கள் வாழ்ந்த காலத்தில் ஒரு பிழையான முடிவுக்கு உயிரே விலையாக இருந்தது. எந்தப் பாதையால் போவது, எப்போது வெளிக்கிடுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு அது தெரியும். திரும்பிப் போய்த் திருத்த வழி இருக்கவில்லை. அதனால்தான் பிள்ளை சறுக்கினாலே பதறுகிறோம், ஏசுகிறோம். ஆனால் எவருக்கும் காயம் வராத இடத்தில் விழுந்து எழும்பப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். விளையாட்டு அதைக் கொடுக்கிறது.

கேர்பல் விளையாட்டில் 2015 இல் வலன்ரீனா என்ற பெண் விண்வெளி வீரர் சேர்க்கப்பட்டார். 1963 ஜூன் 16 இல் விண்வெளிக்குச் சென்ற முதற் பெண் வலன்ரீனா தெரெஷ்கோவாவின் பெயர் அது. அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது தகப்பன் போரில் இறந்தார். துணி ஆலையில் உழைத்த தாய்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். மகளும் ஆலைக்கு வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில் பரசூட்டில் குதிக்கப் பழகினார். பிறகு பூமியை 48 தடவை சுற்றி வந்தார். போர் தகப்பனைப் பறித்த வீட்டிலிருந்துதான் அந்தப் பெண்பிள்ளை போனார். ஆகவே இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று மகள்மாரைத் தள்ளி வைக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ரோப்லொக்ஸில் முன்பின் தெரியாதவர்களும் பிள்ளையோடு கதைக்கலாம். யாரோடு கதைக்கலாம் என்பதைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதி அதில் இருக்கிறது. தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைச் சரிசெய்யுங்கள். பெயர், பாடசாலை, வீட்டு விலாசம், படம் எதையும் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள், அந்த எல்லையைப் பிள்ளையோடு கதைத்தே தீர்மானியுங்கள்.

அந்த வீட்டில் மூன்று பேரும் இருந்து ஓர் ஒழுங்கு செய்தோம். சத்தத்தைக் குறைத்து வைப்பது. ஏவ முன் "அம்மா, இப்ப விடப்போறன்" என்று சொல்வது. எதிர்பாராமல் வரும் சத்தம்தான் எம்மைக் கூடுதலாக உலுக்குகிறது. வரப்போவது தெரிந்தால் மனம் கொஞ்சமாவது தாங்கும்.

இந்தக் கிழமை மறுபடி போனேன். "இன்னும் பயமாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா நேற்று பக்கத்தில இருந்து பார்த்தன். விழேல்லை" என்றார் அந்த அக்கா.

உங்கள் பிள்ளை என்ன விளையாடுகிறது? இன்று பின்னேரம் ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.